குஞ்சை விடும் முன் தண்ணீரைக் கேளுங்கள்

(கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் மீன் வளர்ப்போருக்கான வானொலி உரை)



கிருஷ்ணகிரி அணையைப் பார்க்கப் போகிறவர்கள் பொரித்த மீன் வாங்கிச் சாப்பிடாமல் திரும்புவது அபூர்வம். அந்த மீன் குஞ்சாக இருந்தபோது அதை யார் காப்பாற்றினார்கள் என்று சாப்பிடுகிறவருக்குக் கேட்கத் தோன்றாது. ஆனால் மீன் வளர்க்க நினைக்கிற விவசாயி அதைக் கேட்டே ஆகவேண்டும். மீன் பெரிதான பிறகு சாவதைவிட, குஞ்சாக இருக்கும்போது சாவதுதான் அதிகம். போட்ட பணம் போகிற வழியும் அதுதான்.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்று கெண்டைகளும் நம் குளத்தில் நன்றாக வளரும். ஆனால் தேங்கிய தண்ணீரில் முட்டையிடாது. மழைக்காலத்தில் ஆற்றில் புதுவெள்ளம் வந்தால்தான் இடும். அதனால் அந்தக் காலத்தில் வடக்கே ஆறுகளில் குஞ்சைப் பிடித்து, ரயிலேற்றித் தொலைதூரம் அனுப்புவார்கள். இந்த நிலையை மாற்றியவர் டாக்டர் ஹீராலால் சௌத்ரி. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி, ஒடிசாவில் அங்குல் என்ற ஊரில், மீனின் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றைத் தாய் மீனுக்கு ஊசி மூலம் செலுத்திக் கெண்டையை முட்டையிட வைத்தார். அதன் நினைவாகத்தான் ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. இப்போது அந்தச் சாற்றுக்குப் பதிலாகத் தயாராக உள்ள ஹார்மோன் மருந்தைப் பெரும்பாலும் போடுகிறார்கள்.

குஞ்சு பொரிப்பகத்தில் நடக்கிற வேலையைக் கொஞ்சம் பாருங்க. சாயங்காலம் ஊசி போட்டால் விடிவதற்குள் மீன் முட்டையிட்டுவிடும். ஒரு கிலோ எடையுள்ள தாய் மீன் ஒரு லட்சத்துக்கும் மேலே முட்டையிடும். முட்டையை வட்டத் தொட்டியில் விட்டு, தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும்படி வைக்கிறார்கள். ஓட்டம் நின்றால் முட்டை அடியில் படிந்து, மூச்சு முட்டிச் செத்துப்போகும். அதனால் மின்சாரம் போனால் உடனே ஜெனரேட்டர் போட ஆள் கண் விழித்து உட்கார்ந்திருப்பார். ஏறத்தாழ 14 முதல் 18 மணி நேரத்தில் குஞ்சு வெளியே வரும். அதற்கு வாய் திறந்திருக்காது. வயிற்றோடு ஒட்டிய பையிலுள்ள மஞ்சள் கருதான் மூன்று நாளைக்கு உணவு. இந்த மூன்று நாளும் வேலை செய்கிறவர் பார்ப்பது மீனை அல்ல, தண்ணீரைத்தான். தண்ணீர் சரியாக இருந்தால் மீன் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்பது அவர்கள் அனுபவப் பாடம். இந்தப் பாடத்தைத்தான் நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று நாள் குஞ்சுக்கு நுண்மீன் குஞ்சு என்று பெயர். நீளம் அரை சென்டிமீட்டர்தான். விலை மலிவு என்று இதை வாங்கி நேராக ஏரியில் விட்டுவிடக் கூடாது. ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிறவர் யாராவது விதையை நேராக வயலில் தூவுகிறாரா? நாற்று விட்டுத்தானே நடுகிறோம்? மீனுக்கும் அப்படித்தான். முதலில் நாற்றங்கால் குளம். அங்கே இரண்டு, மூன்று வாரத்தில் குஞ்சு ஓர் அங்குலம் ஆகும். பிறகு வளர்ப்புக் குளத்தில் இரண்டு, மூன்று மாதம் இருந்தால் நான்கு அங்குலம், அதாவது விரலளவு ஆகும். முதல் தடவை மீன் வளர்க்கிறவர் விரலளவுக் குஞ்சாக வாங்குவதே நல்லது. விலை கூடத்தான், ஆனால் பாம்பு, தவளை, விரால் வாய்க்குத் தப்பி மிஞ்சுவது அதுதான்.

நாற்றங்கால் குளம் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குளத்தை வற்றவைத்துக் காயப்போடுவது முதல் வேலை. வற்றாத குளமானால் இலுப்பைப் புண்ணாக்கு போடலாம். மூன்று அடி ஆழமுள்ள 10 சென்ட் குளத்துக்கு 100 கிலோ வேண்டும். அது விரால் போன்ற மீன்களைக் கொன்று, பிறகு தானே எருவாகிவிடும். விஷம் தீர மூன்று வாரம் ஆகும். அதுவரை குஞ்சு விட வேண்டாம். குஞ்சு விடுவதற்கு முந்தின நாள், நீரில் மல்லாந்து நீந்தும் பூச்சிகளை ஒழிக்க, இரண்டே கால் கிலோ மலிவு எண்ணெயில் முக்கால் கிலோ சோப்பைக் கரைத்து, காற்றில்லாத நேரமாகப் பார்த்துத் தெளியுங்கள். மேலே எண்ணெய் படர்ந்தால் அந்தப் பூச்சி மூச்சு வாங்க முடியாமல் சாகும்.

இனி நம் வட்டாரத்துக்கே உரிய சங்கதிக்கு வருவோம். தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரை ஒட்டிய பகுதிகளின் கழிவுநீரையும் சேர்த்துக்கொண்டுதான் ஓசூர் எல்லைக்குள் வருகிறது. முதலில் கெலவரப்பள்ளி அணை. பிறகு கிருஷ்ணகிரி அணை. மேலே மழை பெய்து வரத்து கூடும்போது கெலவரப்பள்ளியிலிருந்து வெளியேறும் தண்ணீரில் நுரை பொங்கி நிற்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். எல்லா நாளும் தண்ணீர் ஒரே மாதிரி இருக்காது. நேற்று நன்றாக இருந்தது இன்றைக்குக் கெட்டிருக்கலாம். சாக்கடைச் சத்து மிகுந்த தண்ணீர் குளத்திலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். சோப்பு நுரை மீனின் செவுளைக் கெடுக்கும். ஆகவே ஆற்றுக் கால்வாயிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் எடுக்கிறவர்கள் நுரையோ, நாற்றமோ, கறுப்பு நிறமோ இருந்தால் அன்றைக்கு மடையைத் திறக்காதீர்கள். தொழிற்சாலை, சாயப்பட்டறை ஓடை வந்து சேருகிற குட்டையிலும் மீன் விட வேண்டாம். மீன் பிழைத்தாலும், தின்கிறவருக்கு நல்லதல்ல.

போர்வெல் தண்ணீர் இருக்கிறதே என்பீர்கள். அது கழிவுக்குத் தப்பியதாக இருக்கலாம். ஆனால் அதிலும் பிராணவாயு குறைவு. குழாயைக் குளத்துக்குள் நேராக விடாமல், உயரத்திலிருந்து கல்லின் மேலோ சல்லடைத் தகட்டின் மேலோ விழும்படி செய்யுங்கள். விழுந்து சிதறும்போது காற்று கலந்துவிடும்.

தண்ணீர் நல்லதா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஹாப்பா என்று சொல்கிற வலைத்தொட்டியைக் குளத்தில் நான்கு கம்பு நட்டுக் கட்டுங்கள். முதலில் 20 குஞ்சு மட்டும் வாங்கி அதில் விடுங்கள். ஒரு பகல், ஒரு இரவு போகட்டும். எல்லாம் சுறுசுறுப்பாக இருந்தால் மற்றதை வாங்குங்கள். செத்துப்போனால் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். 20 குஞ்சு போனது நஷ்டமல்ல. 2000 குஞ்சு தப்பித்தது. ஓர் ஏக்கர் குளத்துக்கு ஏறத்தாழ அந்த 2000 விரலளவுக் குஞ்சுதான் போதுமானது. மேல்மட்டத்தில் மேயும் கட்லா 800, நடுவில் மேயும் ரோகு 600, அடியில் மேயும் மிர்கால் 600 என்று பங்கிட்டால் ஒன்றின் தீனியை ஒன்று பறிக்காது.

குஞ்சைப் பிளாஸ்டிக் பையில் தண்ணீரும் பிராணவாயுவும் அடைத்துத் தருவார்கள். கீழ்நாட்டுப் பண்ணையிலிருந்து ஓசூருக்குக் கொண்டுவருகிறவர்கள் கவனியுங்கள். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் குளிர்ந்திருக்கும். பையை வந்ததும் அவிழ்த்துக் கொட்டினால் குஞ்சுக்கு அதிர்ச்சி. காலையிலோ மாலையிலோ பையை அப்படியே குளத்தில் அரைமணி நேரம் மிதக்கவிடுங்கள். பிறகு வாயைத் திறந்து, குளத்துத் தண்ணீரைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சரித்துப் பிடியுங்கள். குஞ்சு தானாக நீந்திப் போகட்டும்.

அதன் பிறகு தினமும் விடியற்காலையில் குளத்தங்கரைக்குப் போய் வாருங்கள். இரவெல்லாம் பாசியும் மீனும் மூச்சுவிட்டுப் பிராணவாயு குறைந்துபோகிற நேரம் அது. மீன் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றைக் குடித்தால் அது விளையாட்டு அல்ல, ஆபத்து. உடனே மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். அன்றைக்குத் தீவனமும் சாணமும் நிறுத்திவிடுங்கள். மூடாக்கு நாளில் இது அடிக்கடி நடக்கும். தீவனமாகத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சமமாகக் கலந்து, துளையிட்ட பையில் போட்டுக் கம்பில் கட்டலாம். மிஞ்சியது மறுநாள் தெரியும். அடுத்த நாள் அதற்கேற்பக் குறைக்கலாம். மார்கழி, தைக் குளிரில் மீன் அதிகம் தின்னாது. போட்டது அழுகினால் தண்ணீர்தான் கெடும்.

சீக்கிரம் வளரும் என்று யாராவது ஆப்பிரிக்கத் தேளிக் குஞ்சு கொடுத்தால் வாங்காதீர்கள். அது தடை செய்யப்பட்ட இனம். வெள்ளத்தில் தப்பி ஏரிக்குப் போனால் நம் நாட்டு மீனையெல்லாம் தின்றுவிடும்.

யோசனை கேட்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி அணையில் மீன்வளத்துறையின் மீன் பண்ணை இருக்கிறது. பாரூரில் தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. போகும்போது ஒரு சுத்தமான பாட்டிலில் உங்கள் குளத்துத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போங்கள். குஞ்சு என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், இந்தத் தண்ணீரில் குஞ்சு பிழைக்குமா என்று கேளுங்கள்.