பொழுதுபோக்கும் பொறுப்புணர்வும்

பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த பறம்பிக்குளத்திற்குச் செல்வோர் தமிழ்நாட்டின் பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகவே சாலைப் பயணம் மேற்கொள்கின்றனர். இடுக்கி மாவட்டத்தின் மறையூரும் சின்னாறும் உடுமலைப்பேட்டைச் சாலையால் தமிழகத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. ஆகவே இவ்வெல்லைக் காடுகளில் பறவைகளைக் கவனிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் இரு மொழியினராகவும் பல தொழிலினராகவும் உள்ளனர். இவர்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு பழகுகின்றனர் என்பது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால், அதன் விளைவு வனப் பாதுகாப்பு வரை செல்கிறது.

பொழுதுபோக்குக் குழு ஒன்று முதிர்ச்சி அடைய முடியும் என்பதற்கு மூணாறு மலைப்பகுதி நல்ல சான்றாகும். அங்கிருந்த தேயிலைத் தோட்ட அதிகாரிகள் ஒரு காலத்தில் வேட்டையாடுவதையே பொழுதுபோக்காகக் கொண்டிருந்தனர். 1928-இல் அவர்கள் வேட்டை விலங்குகளைப் பேணும் சங்கம் ஒன்றை அமைத்தனர். வேட்டைக்கு வரம்பு விதித்துக்கொண்ட அந்தச் சங்கமே பின்னர் வனவிலங்கு, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சங்கமாக மாறிற்று. வரையாடுகளின் உறைவிடமான எரவிகுளம் 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பிறர் தடுக்கும்வரை காத்திராமல் தமக்குத் தாமே வரம்பு விதித்துக்கொள்வதே முதிர்ச்சியின் முதற்படி என்பது இதனால் விளங்கும்.

பறவை ஆய்விலும் இப்பகுதிக்கு நீண்ட மரபு உண்டு. 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளை ஆராய்ந்த டாக்டர் சாலிம் அலி மறையூரிலும் பறம்பிக்குளம் காடுகளிலும் தங்கிப் பணியாற்றினார். பாலக்காடு மாவட்டத்தின் காவசேரியில் பிறந்த ஆங்கில ஆசிரியர் கே. கே. நீலகண்டன், இந்துசூடன் என்னும் புனைபெயரில் எழுதிய கேரளப் பறவைகள் பற்றிய நூல் 1958-இல் வெளிவந்தது. எளிய மக்களின் மொழியிலேயே பறவையியலைச் சொல்லியதால், அத்துறை கற்றறிந்த சிலரின் தனியுடைமையாக நின்றுவிடவில்லை.

அதன் பயனைப் பின்னர் நாடு கண்டது. 2015 முதல் 2020 வரை கேரளத்தின் பறவைகளை வரைபடமாக்கும் பணியில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட தொண்டர்கள் ஈடுபட்டனர். மாநிலம் முழுவதையும் கட்டங்களாகப் பகுத்து, ஆண்டிற்கு இரு பருவங்களில் கணக்கெடுத்து, 361 இனங்களைப் பற்றி ஏறத்தாழ 3 லட்சம் பதிவுகளைத் திரட்டினர். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையும் 30,000-க்கும் மேற்பட்ட ஆர்வலர்களின் குறிப்புகளையே அடிப்படையாகக் கொண்டது.

இத்தகைய பெரும்பணியில் தவறுகள் நேர்வது இயல்பு. புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர் சாதாரணப் பறவையை அரிய பறவையாகக் கருதிப் பதிவு செய்துவிடலாம். அதனை அப்படியே ஏற்றால் வரைபடம் பொய்யாகும். பலர் முன்னிலையில் எள்ளி நகையாடினால் அம்மாணவர் மறுமுறை எதனையும் பதிவு செய்யமாட்டார். அவர் வாழும் சிற்றூர் வரைபடத்தில் வெற்றிடமாகவே நின்றுவிடும். எனவே, அனுபவம் மிக்கவர் அளவு, நிறம், குரல், கண்ட இடம் ஆகியவற்றை வினவி, ஐயத்தைத் தெளிவிக்க வேண்டும். பதிவு திருத்தப்பட வேண்டும். பதிவு செய்தவர் இழிவுபடுத்தப்படலாகாது. நயத்தக்க நாகரிகம் உண்மையை விட்டுக்கொடுப்பதன்று. உண்மையைப் பிறர் ஏற்கத்தக்க முறையில் நிலைநாட்டுவதாகும்.

அறிந்த அனைத்தையும் உடனே பறைசாற்றாமல் இருப்பதும் முதிர்ச்சியே. பெண் இருவாச்சி மரப்பொந்தின் வாயிலை அடைத்துக்கொண்டு உள்ளே அடைகாக்கிறது. ஒரு சிறு பிளவின் வழியாக ஆண் பறவை ஊட்டும் உணவே அதற்கும் குஞ்சுக்கும் உயிர். புகைப்படம் எடுக்கும் ஆர்வத்தில் மக்கள் அம்மரத்தடியில் திரண்டால், ஆண் பறவை நெருங்க அஞ்சும். உள்ளிருப்பவை பட்டினி கிடக்கும். ஆதலின் கூடுள்ள இடத்தை வெளியிடாமையும், பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையைத் துன்புறுத்தாமையும் நன்முறைகளாகக் கருதப்படுகின்றன.

மற்றொன்று, பழங்குடி மக்களிடம் காட்டவேண்டிய மதிப்பு. பறம்பிக்குளத்தை அடுத்த வாழச்சால் காடுகளில், முன்னர் இருவாச்சிக் குஞ்சுகளை உணவுக்காக எடுத்துவந்த காடர் மக்களே கூடுகளின் காவலர்களாகப் பணியாற்றியுள்ளனர். அவர்களைக் குற்றவாளிகளாக நடத்தியிருந்தால் இம்மாற்றம் நிகழ்ந்திராது. அவர்களது அறிவை மதித்து அழைத்ததாலேயே அது கைகூடிற்று. காட்டின் வழியையும் மரத்தையும் காட்டும் அவர்கள் வெறும் வழிகாட்டிகள் அல்லர், ஆய்வில் பங்காளிகள்.

கல்லூரிகளில் இயற்கைக் கழகங்களை அமைக்கும் மாணவர்களும், அவற்றிற்கு அனுமதி வழங்கும் அலுவலர்களும் இவற்றை மனத்திற் கொள்ளவேண்டும். ஒரு கழகத்தின் தரத்தை அறிய, அதன் மூத்த உறுப்பினர் எத்தனை அரிய பறவைகளைக் கண்டார் என்று கணக்கிடுவது போதாது. நேற்றுச் சேர்ந்த இளைய உறுப்பினர் தமது ஐயத்தை அச்சமின்றிக் கேட்க முடிகிறதா என்பதையும் பார்க்கவேண்டும்.