பகலில் கார் விற்பனை, மாலையில் கல்லூரி



இன்றைய பேச்சு ஓர் இளைஞரைப் பற்றியது. அவர் பகலில் கார் விற்கிறார். மாலையில் பொறியியல் படிக்கிறார். அவரைப் போன்றவர்கள் பெரிய நகரங்களில் பலர் உண்டு. ஒருவரின் கதையாக இதைக் கேளுங்கள்.

ஒரு காலத்தில் நம் நாட்டில் கார் விற்க ஆள் தேவைப்படவில்லை. அம்பாசடர், பத்மினி என்று சில வகைக் கார்களே இருந்தன. முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி வாங்கியவரிடம் கொடுத்தார். 1993-இல் கார் தொழிலுக்கு உரிமம் வாங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு நீங்கியது. பல கம்பெனிகள் வந்தன. 1998-இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருந்து ஹூண்டாய் சான்ட்ரோ கார் வந்தது. கார்கள் பெருகின. வாங்குபவர் காத்திருந்த காலம் போயிற்று. விற்பவர் வாங்குபவரைத் தேடும் காலம் வந்தது. ஊருக்கு ஊர் ஷோரூம்கள் வந்தன. விற்பனையாளர் என்ற வேலையும் வளர்ந்தது.

நம் இளைஞருக்கு அந்த வேலைதான் கிடைத்தது. அவர் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தவர். அப்பா கொத்தனார். மேலே படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. ஆனால் படிப்பை விட அவருக்கு மனம் இல்லை. டிப்ளமா முடித்து வேலை பார்ப்பவர்கள் மாலையில் பி.இ. படிக்கும் வசதி சில கல்லூரிகளில் உண்டு. அப்படி ஒரு கல்லூரியில் சேர்ந்தார். காலை ஒன்பதரை மணிக்கு ஷோரூம். மாலை ஆறு மணிக்கு வகுப்பு. சனி, ஞாயிறு என்றால் மற்றவர்களுக்கு ஓய்வு. ஷோரூமில் அன்றுதான் கூட்டம் அதிகம். பாடம் படிக்க விடியற்காலையும் பேருந்துப் பயணமும்தான் மிச்சம்.

கல்லூரிப் பாடம் ஷோரூமிலும் உதவியது. "டீசல் கார் வாங்கலாமா, பெட்ரோல் கார் வாங்கலாமா?" என்று பலர் கேட்பார்கள். டீசல் எஞ்சின் காற்றை மிகவும் அழுத்திச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. அதனால் ஒரு லிட்டருக்குக் கூடுதல் தூரம் ஓடும். ஆனால் டீசல் காரின் விலை அதிகம். நாள் முழுவதும் ஓட்டுபவருக்கு அந்தக் கூடுதல் விலை திரும்பக் கிடைக்கும். வாரம் ஒரு முறை கோயிலுக்குப் போக மட்டும் எடுப்பவருக்குக் கிடைக்காது. இதை அவர் எல்லோருக்கும் புரியும்படி சொல்வார்.

ஒரு நாள், மாதக் கடைசி. மாதத்துக்கு இத்தனை கார் விற்க வேண்டும் என்று ஷோரூமில் கணக்கு உண்டு. அதற்கு டார்கெட் என்று பெயர். அதை எட்டினால்தான் ஊக்கத்தொகை. அவருக்கு இன்னும் ஒரே ஒரு கார் விற்க வேண்டும். அந்த ஊக்கத்தொகையை நம்பித்தான் தேர்வுக் கட்டணம் கட்டாமல் வைத்திருந்தார்.

அப்போது ஒரு டிரைவர் உள்ளே வந்தார். பதினைந்து ஆண்டுகள் பிறருடைய டாக்ஸியை ஓட்டியவர். சொந்தமாக ஒரு வண்டி வாங்கி ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. மூன்று லட்சம் ரூபாய் கடன் வேண்டும். அவரும் நாற்பது வயதுக்கு மேல் மாலை நேர எழுத்தறிவு மையத்தில் படிக்கக் கற்றவர்தான்.

அவருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஷோரூமுக்கு வரும் ஒரு நிதி நிறுவனம் 10 சதவீத வட்டி என்றது. அன்றே கடன் கிடைக்கும். ஒரு வங்கி 12 சதவீதம் என்றது. அங்கே ஒரு வாரம் ஆகும். இரண்டுக்கும் ஐந்து ஆண்டுத் தவணை. டிரைவர் தாளைப் படித்துப் பார்த்தார்.

"தம்பி, பத்துதானே பன்னிரண்டை விடக் குறைவு? இதிலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்" என்றார்.

இளைஞர் பேசாமல் இருந்திருந்தால் கார் அன்றே விற்றிருக்கும். தேர்வுக் கட்டணமும் கட்டியிருக்கலாம். அவர் ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு பேனாவை எடுத்தார்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்" என்றார்.

இதுதான் அவர் போட்ட கணக்கு. 10 சதவீதம் என்பது ஃபிளாட் வட்டி. மூன்று லட்சத்துக்கு ஓர் ஆண்டு வட்டி 30,000 ரூபாய். ஐந்து ஆண்டுக்கு 1,50,000 ரூபாய். மொத்தம் கட்ட வேண்டியது 4,50,000 ரூபாய். மாதத் தவணை 7,500 ரூபாய்.

வங்கியின் 12 சதவீதம் வேறு வகை. கட்டக் கட்டக் கடன் குறையும். மீதி இருக்கும் கடனுக்கு மட்டும் வட்டி. முதல் மாத வட்டி 3,000 ரூபாய். மாதத் தவணை சுமார் 6,673 ரூபாய். அதில் 3,673 ரூபாய் அசலில் கழியும். மறுமாதம் மீதிக் கடன் 2,96,327 ரூபாய். அதற்கு வட்டி 2,963 ரூபாய்தான். இப்படி மாதா மாதம் வட்டி இறங்கிக்கொண்டே வரும். ஐந்து ஆண்டில் மொத்த வட்டி சுமார் 1,00,400 ரூபாய்.

"பத்து சதவீதக் கடனில் ஏறக்குறைய 50,000 ரூபாய் கூடுதலாகப் போகும், அண்ணே. ஐந்தாம் ஆண்டில் கடன் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அப்போதும் முழு மூன்று லட்சத்துக்கும் வட்டி வாங்குகிறார்கள். வங்கிக் கணக்குப்படி பார்த்தால் இது 17 சதவீதத்துக்கும் மேல்" என்றார் இளைஞர்.

டிரைவர் அந்தத் தாளை வாங்கி மெதுவாகப் படித்தார். எண்களை விரல் வைத்துப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வங்கிக்குப் புறப்பட்டார்.

அந்த மாதம் இளைஞருக்கு ஊக்கத்தொகை இல்லை. மேலாளரிடம் திட்டும் வாங்கினார். தேர்வுக் கட்டணத்தைப் பிறகு அபராதத்தோடு கட்டினார். அடுத்த மாதம் முதல் வாரத்தில் டிரைவர் வங்கிக் கடிதத்துடன் வந்தார். இளைஞரிடமே காரை வாங்கினார். பிறகு தம் ஸ்டாண்டு நண்பர் ஒருவரையும் அழைத்து வந்தார்.

நண்பர்களே, எல்லா ஷோரூமிலும் இப்படி ஓர் இளைஞர் இருப்பார் என்று எண்ண வேண்டாம். கேட்க வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு. சில செய்திகளை மனதில் வையுங்கள்.

கடன் வாங்கும் முன், "இது ஃபிளாட் வட்டியா, குறையும் கடனுக்கு வட்டியா?" என்று கேளுங்கள். மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு விதி செய்துள்ளது. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் தரும் தவணைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்று தர வேண்டும். அது கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். எல்லாச் செலவும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்பது அதில் இருக்கும். வங்கிக்காரர்கள் அதைக் கே.எஃப்.எஸ். என்பார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஷோரூம் விலை வேறு, சாலைக்கு வரும் விலை வேறு. வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்ததுதான் சாலைக்கு வரும் விலை. காப்பீடு இல்லாமல் வண்டி ஓட்டுவது குற்றம். கடன் தீரும் வரை கடன் கொடுத்தவர் பெயர் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும். கடன் தீர்ந்ததும் அவரிடம் தடையின்மைச் சான்றும் கையெழுத்திட்ட 35-ஆம் எண் படிவமும் வாங்குங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து அந்தப் பெயரை நீக்குங்கள். எழுதாத வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகள் மேலே படிக்க விரும்பினால் தடுக்காதீர்கள். ஆனால் கட்டணம் கட்டும் முன், அந்தப் படிப்புக்கு அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதி உண்டா என்று விசாரியுங்கள். அனுமதி இல்லாத படிப்பில் காசும் போகும், காலமும் போகும்.

அந்த இளைஞர் மாலையில் படித்தார். அந்த டிரைவரும் மாலையில்தான் படித்தார். ஒருவர் கணக்கை எழுதினார். மற்றவர் அதைப் படித்தார். 50,000 ரூபாய் ஓர் உழைப்பாளி வீட்டில் தங்கியது. நீங்களும் எந்தத் தாளையும் படித்துப் பாருங்கள். புரியாததைக் கேளுங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.