தவணை கேட்கும் முன் மனசைக் கேட்போம்

(திண்டிவனத்தில் நடந்த கூட்டமைப்பு மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாம கூடினால் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று பேசுவோம். இன்றைக்கு மனசைப் பற்றிப் பேசலாம். சர்க்கரை, பிரஷர் என்றால் கூச்சமில்லாமல் சொல்கிறோம். மனசு சரியில்லை என்றால் மட்டும் மூடி மறைக்கிறோம். "பைத்தியம்னு பேரு வந்துடுமோ, பொண்ணுக்கு வரன் தட்டிப் போயிடுமோ" என்ற பயம்தான் காரணம்.

ராத்திரி தூக்கம் வராது. சோறு இறங்காது. மல்லாட்டை பிடுங்கப் போகக்கூட உடம்பு எழும்பாது. காரணமே இல்லாமல் அழுகை வரும். பிள்ளை பெற்ற சில பெண்களுக்குக் குழந்தையைத் தூக்கவே பிடிக்காது. இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதைச் சோம்பேறித்தனம், நடிப்பு என்று சொல்லாதீர்கள். அது நோயாக இருக்கலாம். இன்னும் சிலருக்கு யாரும் பேசாமலே காதில் குரல் கேட்கும், யாரோ கொல்ல வருவதாகத் தோன்றும். இதற்கெல்லாம் சிகிச்சை உண்டு சகோதரிகளே!

நம்ம பக்கத்தில் "காத்து கருப்பு" என்று மேல்மலையனூருக்கு அழைத்துப் போகிறோம். சாமி கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் மருந்தை நிறுத்தக் கூடாது, ஆளைக் கட்டிப் போடக் கூடாது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்து போனார்கள். அதே ஏர்வாடி தர்காவில் பிறகு அரசு மனநல மருத்துவர்களும் வந்து பார்க்க ஆரம்பித்தார்கள். பிரார்த்தனையும் நடக்கும், மருந்தும் கிடைக்கும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்துவிட்டது.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்? இங்கிலாந்தில் 1953லேயே, மனசு உடைந்தவர்கள் போன் செய்து பேச ஒரு சேவை தொடங்கியது. நம்ம சென்னையில் 1986ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 'சினேகா'வை ஆரம்பித்தார்.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்று ஒரு நாடு. மனநல டாக்டர்கள் மிகக் குறைவு. ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வர அவள் அம்மாவிடம் பஸ்ஸுக்குக் காசு இல்லை. அந்தப் பெண் உயிரை விட்டாள். அவளைப் பார்த்து வந்த டாக்டர் டிக்சன் சிபாண்டா மனம் பொறுக்காமல், 2006ல் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்ச். அதில் பாட்டி உட்கார்ந்து, வருகிறவளின் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்பார். எந்தப் பிரச்சினையை முதலில் தீர்க்கலாம் என்று இரண்டு பேருமாக யோசிப்பார்கள். நாம "ரொம்ப யோசனையா இருக்கு" என்று சொல்வது போலவே அவர்கள் ஊரிலும் இந்த நோய்க்கு 'அதிக யோசனை' என்றுதான் பெயர்! 2016ல் வந்த ஆய்வில், பெஞ்சில் பேசியவர்களில் ஆறு மாதம் கழித்தும் மனச்சோர்வு இருந்தது நூற்றுக்கு 14 பேருக்குத்தான். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது நூற்றுக்கு 50 பேர்.

பேசி முடித்த பெண்களை அங்கே ஒரு குழுவில் சேர்க்கிறார்கள். சேர்ந்து உட்கார்ந்து பை பின்னுகிறார்கள், நாலு காசு சம்பாதிக்கிறார்கள். அவர்கள் புதிதாக உண்டாக்கிய குழு நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. 1989ல் தர்மபுரியில் தொடங்கிய வேலை இன்று ஒவ்வொரு ஊரிலும் நிற்கிறதே!

இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை அரசு படிப்படியாகத் தடை செய்தது. தற்கொலைச் சாவுகள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தன. பக்கத்துக் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், பேங்க் லாக்கர் மாதிரி பூட்டுப் பெட்டிகள் வைத்து, பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் வைக்கும் முயற்சியை சினேகா செய்து பார்த்தது. அதிலும் நல்ல பலன் கிடைத்தது. கோபமோ வேதனையோ உச்சத்தில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் மருந்து கைக்கு எட்டாவிட்டால் ஒரு உயிர் தப்பும்.

இனி நமக்கு இருக்கும் வசதிகள். எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

14416 – டெலி மனஸ். 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் டாக்டர் எந்த நாளில் எங்கே வருகிறார் என்று ஆரம்ப சுகாதார நிலைய நர்சம்மாவிடம் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரைக்குக் காசு இல்லை.

தற்கொலைக்கு முயன்றவரை "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று வீட்டிலேயே வைத்துக் கொள்ளாதீர்கள். 2017 சட்டப்படி அவருக்குச் சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை. உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

காப்பகத்தில் சேர்ப்பதாக இருந்தால் அரசு உரிமம் உண்டா என்று பாருங்கள். 2023ல் நம்ம மாவட்டம் குண்டலப்புலியூரில், உரிமம் இல்லாத ஒரு காப்பகத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டதை மறக்க வேண்டாம்.

கடைசியாக, ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் மூன்று தீர்மானம் எழுத வேண்டுகிறோம்.

ஒன்று: ஓர் உறுப்பினர் தொடர்ந்து இரண்டு கூட்டத்துக்கு வராவிட்டால் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போவோம். தவணையைக் கேட்கும் முன், "சாப்பிட்டியா, தூங்கினியா, மனசு எப்படி இருக்கு?" என்று கேட்போம். "செத்துடலாம்னு தோணுதா?" என்று கேட்கவும் பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வராது, இருக்கிற பாரம்தான் இறங்கும்.

இரண்டு: அவர் சொன்னதை வெளியே பேச மாட்டோம். தனியாக விடாமல், பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூடவே போவோம். செலவைக் குழு நிதியில் பார்த்துக் கொள்வோம்.

மூன்று: வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் எலி மருந்தையும் பூட்டி வைப்போம்.

ஒருத்தி கடன் கட்ட முடியாவிட்டால் மற்ற ஒன்பது பேர் தோள் கொடுக்கிறோம். அவள் மனசுக்கும் அந்தத் தோளைக் கொடுப்போம்.