டாங்கிக்குக் காவல் யார்?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இன்று நான் பஞ்சப்படி பற்றியோ போனஸ் பற்றியோ பேச வரவில்லை. டாங்கியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆலைக்குப் பின்புறம் எண்ணெய் டாங்கி நிற்கிறது. சாயப் பகுதியில் அமிலமும் காரமும் நிற்கின்றன. ஷிப்டுக்கு ஷிப்டு அதன் ஓரமாகத்தான் நடக்கிறோம். இரும்புதானே, சும்மா கிடக்கிறது என்று நினைக்கிறோம். போபாலிலும் அப்படித்தான் மூன்று டாங்கிகள் கிடந்தன.

1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு. யூனியன் கார்பைடு ஆலையில் 610 என்ற எண்ணுள்ள டாங்கியில் ஏறத்தாழ 42 டன் மெதில் ஐசோசயனேட் இருந்தது. விவசாயத் தோழர்களே, அது எதற்கு? வயலில் தெளிக்கும் செவின் என்ற பூச்சிமருந்து செய்வதற்கு. அதே மருந்தை 2018-ல் இந்திய சர்க்கார் தடை செய்தது. அந்த டாங்கிக்குள் தண்ணீர் புகுந்தது. சரக்கு கொதித்தது. விஷவாயு பீறிட்டது. ஆலைச் சுவருக்கு வெளியே குடிசைகளில் உறங்கிய ஏழைகள் கண் எரிந்து, மூச்சு முட்டி, ஓடிய இடத்திலேயே விழுந்தார்கள். சர்க்காரின் முதல் கணக்கு 2,259 பேர். பின்னால் மாநில சர்க்காரே 3,787 என்றது. செத்தவர் இதைப்போல் பல மடங்கு என்கிறார்கள் பாதிக்கப்பட்ட மக்கள்.

தண்ணீர் எப்படிப் புகுந்தது? கோபம் கொண்ட ஒரு தொழிலாளியின் சதி என்றது கம்பெனி. குழாய் கழுவிய தண்ணீர் என்றார்கள் தொழிலாளர்கள். சரி, எப்படியோ புகுந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்படிப் புகுந்தாலும் ஊரைக் காக்கப் பல காவல்கள் அந்த ஆலையில் இருந்தனவே! அவை எங்கே போயின?

முதல் காவல் குளிரூட்டும் யந்திரம். சரக்கைப் பூஜ்யம் டிகிரி அளவில் வைக்க வேண்டியது அது. 1984 ஜூனிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது காவல் வாயுவைக் காரநீரில் கழுவும் கோபுரம். அது ஓய்வில் கிடந்தது. மூன்றாவது காவல் வாயுவை எரித்துவிடும் கோபுரம். அதற்குப் போகும் குழாய் துருப்பிடித்து, கழற்றப்பட்டுக் கிடந்தது. நான்காவது காவல், ஆபத்தில் சரக்கை மாற்றுவதற்காகக் காலியாக இருக்க வேண்டிய டாங்கி. அது காலியாக இல்லை. எல்லாவற்றுக்கும் மேலான காவல் மனிதன். ஷிப்டில் நின்ற ஆட்களையோ பாதியாகக் குறைத்திருந்தார்கள்!

இதையெல்லாம் சதி செய்த தொழிலாளியா செய்தான்? இல்லை தோழர்களே! செலவைக் குறைக்கக் கணக்கு எழுதிய பேனா செய்தது. 1982-லேயே அந்த ஆலைத் தொழிலாளர்கள் ஆபத்து வருகிறது என்று சுவரொட்டி ஒட்டினார்கள். யார் காதில் விழுந்தது? கடைசியில் கிடைத்த நியாயம் என்ன? 1989-ல் 47 கோடி டாலர் வாங்கிக்கொண்டு வழக்கைச் சமரசம் செய்தார்கள். 2010-ல் ஆலை அதிகாரிகளுக்கு இரண்டாண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது. அன்றே ஜாமீனும் வந்தது.

அது பழைய கதை என்பீர்கள். 2020 மே 7-ம் தேதி அதிகாலை, விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் ஸ்டைரீன் டாங்கியிலிருந்து ஆவி கிளம்பி ஊருக்குள் பாய்ந்தது. 12 பேர் மாண்டார்கள். ஊரடங்கில் மூடிக்கிடந்த ஆலையில் அந்தச் சரக்கு தானாகவே சூடேறியிருந்தது. குளிரூட்டும் யந்திரத்தை இரவில் நிறுத்திவைத்தார்கள் என்று விசாரணையில் வெளிவந்தது. முறையான சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமலே ஓட்டினோம் என்று 2019-ல் கம்பெனியே எழுதிக் கொடுத்திருந்தது! போபாலுக்கும் விசாகைக்கும் இடையே 35 ஆண்டுகளுக்கு மேல். காவலை நிறுத்திக் காசு மிச்சம் பிடிக்கும் புத்தி மட்டும் மாறவில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. போபாலின் பிணங்கள் எழுதிய சட்டம் அது. 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான சரக்கைப் பற்றித் தொழிலாளிக்குத் தகவல் சொல்ல வேண்டும், பாதுகாப்புக் கமிட்டியில் தொழிலாளருக்குச் சம இடம் வேண்டும், ஆபத்து கண்டால் எச்சரிக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று அதில் எழுதப்பட்டது. 1989-ன் விதிகள், விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று ஆலை முன்கூட்டியே திட்டம் போட வேண்டும், சுற்றிலும் வாழும் மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்றன. 2025 நவம்பரில் புதிய தொகுப்புச் சட்டங்கள் வந்துவிட்டன. பிரிவின் எண் மாறலாம். உயிரின் விலை மாறாது. காகிதத்தில் தூங்கும் உரிமையைத் தட்டி எழுப்புவது சங்கத்தின் வேலை.

ஆகவே நாளை ஷிப்டுக்குப் போனதும் நாலு விஷயம் பாருங்கள். டாங்கியைச் சுற்றித் தடுப்புச் சுவர் இருக்கிறதா? அங்குள்ள பெரிய டாங்கி உடைந்தாலும் முழுச் சரக்கையும் அது தாங்குமா? மழைநீர் வடியும் வால்வு மூடியிருக்கிறதா? 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் மணலியின் எண்ணெய் எண்ணூர்க் கழிமுகம் வரை போய், மீனவரின் படகையும் வலையையும் நாசமாக்கியதை மறக்காதீர்கள். பூமிக்கடியில் டாங்கி இருந்தால், தினமும் கோல் விட்டு அளக்கிறார்களா? வந்த எண்ணெய்க்கும் செலவான எண்ணெய்க்கும் கணக்கு இடித்தால், மீதி மண்ணுக்குள் போகிறது என்று அர்த்தம். சலவைப் பகுதியில் பிளீச்சிங் திரவமும் அமிலமும் அடுத்தடுத்து நிற்கின்றனவா? இரண்டும் கலந்தால் குளோரின் வாயு, நெஞ்சைக் கருக்கிவிடும்.

கண்டதைத் தேதி போட்டு எழுதுங்கள். சங்கத்தின் மூலம் கொடுங்கள். கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல்லை மானேஜர் மறந்துவிடுவார். காகிதத்தை மறக்க முடியாது.

விவசாயத் தோழர்களே, இது ஆலைக்காரன் பாடு என்று ஒதுங்காதீர்கள். டாங்கி கசிந்தால் முதலில் கெடுவது உங்கள் கிணறு; உங்கள் மாடு குடிக்கும் தண்ணீர். கிணற்றில் எண்ணெய் மினுங்கினாலோ மீன் செத்து மிதந்தாலோ அன்றே ஆலைத் தோழரிடம் சொல்லுங்கள். உள்ளே ஒரு கண்ணும் வெளியே ஒரு கண்ணும் சேர்ந்து பார்த்தால் எந்த முதலாளியும் மறைக்க முடியாது.

போபாலில் எச்சரித்தவர்கள் சிலர். அவர்களோடு ஊர் சேரவில்லை. நாம் சேர்ந்து நிற்போம்!

தொழிலாளர், விவசாயி ஒற்றுமை ஓங்குக!