லோடு எருவாகட்டும், டிரைவர் எருவாகக் கூடாது

(கழிவுநீர் டேங்கர் லாரி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் டிரைவர்கள், கிளீனர்கள் மத்தியில் செங்கல்பட்டில் பழைய டிரைவர் ஒருவர் ஆற்றிய உரை)

தோழர்களே!

மழைக்காலம் வருகிறது. ஐப்பசி பிறந்துவிட்டால் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை செப்டிக் டேங்குகள் நிரம்பி வழியும். மார்கழி, தையில் கடற்கரை விடுதிகளில் கூட்டம் நெரியும். பாதாளச் சாக்கடை எட்டாத இடத்திலிருந்தெல்லாம் நம் லாரிக்குத்தான் போன் வரும். இந்த நாலு மாத சீசனுக்குத்தான் உங்களை எடுத்திருக்கிறார்கள். ஏதோ வேலை கிடைத்ததே என்று வந்திருக்கிறீர்கள். நானும் அப்படி வந்தவன்தான். அதனால், நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்குமுன் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஊரார் மூக்கைப் பொத்திக்கொள்ளும் இந்தச் சரக்கு என்ன? விவசாயியைக் கேளுங்கள், எரு என்று சொல்வார். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் அதில் இருக்கின்றன. டோக்கியோ நகரம் எடோ என்ற பெயரில் இருந்த காலத்தில், நகரத்துக் கழிவை உழவர்கள் காசு கொடுத்து வாங்கி வயலுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் காசு யாருக்குப் போயிற்று தெரியுமா? வரிசை வீடுகளில் குடியிருந்த ஏழைகளுக்கு அல்ல, வீட்டுச் சொந்தக்காரனுக்கு! ஏழையின் வயிற்றிலிருந்து வந்ததுகூட உடைமைக்காரனின் சொத்தாகிவிட்டது. இன்றைக்கும் பெங்களூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் லாரிகள் நேராகத் தோட்டத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதுண்டு. விவசாயிகள் அதைக் குழியில் காயவைத்து எருவாகப் போடுகிறார்கள்.

ஆனால் பச்சையாகக் கொட்டுவதில் அபாயம் இருக்கிறது. குடற்புழுவின் முட்டை மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அந்தச் சேற்றில் வெறுங்காலோடு இறங்கி நடவு நடுகிறவர்கள் யார்? நம் தாய்மார்களும் சகோதரிகளும்தான். எருவைப் பக்குவப்படுத்தித்தான் வயலுக்குக் கொடுக்க வேண்டும். அதற்காகவே மதுராந்தகத்துக்குப் பக்கத்தில், கருங்குழியில், கசடு கழிவுச் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. தமிழ்நாட்டில் இந்த வகையில் அதுதான் முதலாவது. அங்கே கசடு படுகையில் காய்ந்து எருவாகிறது. பிரிந்த நீர் தனியே சுத்தமாகிறது. நல்ல காரியம். ஆனால் அதன் கொள்ளளவு நாளொன்றுக்குச் சுமார் 23,000 லிட்டர். நம் டேங்கர் ஒன்று 6,000 லிட்டர் ஏற்றுகிறது என்று வையுங்கள். நாலு நடையோடு அன்றைய கணக்குத் தீர்ந்தது!

அப்புறம் என்ன நடக்கிறது? "வரிசையில் நிற்காதே, டீசலை வீணாக்காதே, ராத்திரியில் ஏரிக்கரையோரம் திறந்துவிட்டு அடுத்த நடைக்கு வா" என்று உத்தரவு வருகிறது. நம் மாநிலச் சட்டப்படி இந்த லாரிக்கு உள்ளாட்சியின் லைசென்ஸ் வேண்டும். குறித்த நிலையத்தில்தான் லோடை இறக்க வேண்டும். மீறினால் ஊரார் கையில் அகப்படுகிறவன் யார்? உத்தரவு போட்டவனா? இல்லை, ஓட்டிக்கொண்டு போனவன்!

இனி லாரியைப் பற்றி. மூட்டை லோடு ஓட்டிப் பழகியவர்கள் கவனமாகக் கேளுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் சீசனில், ஒரு ராத்திரி மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வந்துகொண்டிருந்தேன். டேங்கில் பாதி லோடு. வளைவில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். லாரி நின்றது, உள்ளே இருந்த தண்ணீர் நிற்கவில்லை. யானை முட்டியதுபோல் பின்னாலிருந்து ஒரு தள்ளு! லாரி வயலில் சாய்ந்தது. மாடு பிழைத்தது, நானும் பிழைத்தேன். அன்றைக்கு அது எனக்குப் பதினாறாவது மணி நேர வேலை. ரிப்பேர்ச் செலவை முதலாளி என் கூலியில் பிடித்தார். பதினாறு மணி நேரத்தை யார் கணக்கில் பிடிப்பது?

பாதி நிரம்பிய டேங்க்தான் அதிகம் ஆடும். உள்ளே தடுப்புத் தகடு இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் கால் தானாக ஆக்சிலேட்டருக்குப் போகும். ஆகவே நாள் கூலி கேளுங்கள்.

அடுத்தது உயிர்ப் பிரச்னை. "அடியில் கொஞ்சம் கசடு நிற்கிறது, இறங்கிக் கிளறிவிடு" என்பார்கள். இறங்காதீர்கள்! உள்ளே இருக்கும் விஷவாயு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. நாற்றமில்லையே என்று இறங்கினவன் விழுவான். அவனைத் தூக்கப் போனவனும் விழுவான். பாதுகாப்புச் சாதனமில்லாமல் ஆளை இறக்குவது 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014 இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது; 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. தலைமுறை தலைமுறையாக ஒரே சாதியாரைக் குழியில் இறக்கிய சமுதாயம் உயிருக்கு விலையை உயர்த்தியிருக்கிறது. இறக்குவதை நிறுத்தியதா?

வேலை நேரத்துக்குச் சட்டமில்லையா? 1961 இல் மோட்டார் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. ஆனால் ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்குப் பொருந்தாது என்றும் சொன்னது. 2025 நவம்பர் 21 இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. பழைய சட்டம் போயிற்று. புதிதில் ஐந்து, பத்தாகிவிட்டது! கணக்குப் போடுங்கள்: நாலு லாரி, லாரிக்கு ஒரு டிரைவர், ஒரு கிளீனர், ஆக எட்டுப் பேர். நேற்று சட்டத்துக்குள் இருந்தவர்கள் இன்று வெளியே!

ஆனால் அபாயகரமான வேலை என்று மத்திய சர்க்கார் அறிவித்துவிட்டால், ஆள் எண்ணிக்கை பாராமல் பொருந்தும் என்று அதே சட்டத்தில் வழி இருக்கிறது. செப்டிக் டேங்க் வேலை அபாயமில்லை என்றால் வேறு எதுதான் அபாயம்? அப்படி அறிவிக்க வேண்டும் என்பது நம் முதல் கோரிக்கை. சீசனுக்குத் தகுந்தபடி சுத்திகரிப்பு நிலையங்களைப் பெருக்க வேண்டும் என்பது இரண்டாவது. அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் ஒவ்வொருவரும் பதிவு செய்துகொள்வது நாளைக்கே செய்ய வேண்டிய காரியம்.

தோழர்களே! ஒரு லாரியில் நாம் இரண்டே பேர். இரண்டு பேரின் பேச்சு அம்பலம் ஏறாது. ஆனால் கருங்குழி வாசலில் லோடை இறக்க வரிசையில் நிற்கும்போது எண்ணிப் பாருங்கள், எத்தனை பேர் நிற்கிறோம்! பல முதலாளிகளின் லாரிகள். ஒரே நாற்றம், ஒரே தூக்கமில்லாத கண்கள். அந்த வரிசையில் நின்று பீடி பிடித்துப் பொழுதைக் கழித்தது போதும். அங்கேயே பேசுவோம், அங்கேயே பெயரெழுதுவோம். அந்த வரிசைதான் நம் சங்கம்!