கடைமடைக்கும் தண்ணீர்



2020ஆம் ஆண்டு வேளாங்கண்ணித் திருவிழாவை நாம் மறக்கவில்லை. ஆகஸ்ட் 29இல் கொடி ஏறியது. செப்டம்பர் 8இல் அன்னையின் பிறப்பு விழாவும் நடந்தது. ஆனால் திருப்பயணிகளுக்கு அனுமதி இல்லை. காவி உடுத்தி நடந்தே செல்லும் நாம், வீட்டிலிருந்து செபித்தோம். மனம் வலித்தாலும் கீழ்ப்படிந்தோம்.

அதே நாம், ஊரில் ஒரு சாவு என்றதும் முகக்கவசத்தை மறந்து கூடினோம். அது திமிர் அல்ல, பாசம். காய்ச்சலை மறைத்து நடவுக்கு இறங்கினோம், அது பசி. 'மாதா காப்பாற்றுவார், கவசம் எதற்கு?' என்றும் சொன்னோம். அது விசுவாசமா? கோவில் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன அலகைக்கு இயேசு இணங்கவில்லையே! இறைவனைச் சோதிப்பது விசுவாசம் ஆகாது.

அவ்வாண்டு ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தது. முறைவைத்து விடும் தண்ணீரைத் தலைமடையில் நாமே மறித்துக்கொண்டால், நம் பயிர் வாடாது, காய்வது கடைமடை. நோயும் அப்படித்தான். விதியை மீறிய இளையவர் இரண்டு நாள் இருமி எழுந்துவிடலாம். மூச்சுத் திணறுவது வீட்டிலிருக்கும் பெரியவர். நமக்காக அல்ல, நம் கண்ணுக்குத் தெரியாத கடைமடைக்காகவே கட்டுப்பாடு.

ஆனால் பசித்த வீட்டிடம் விதியை மட்டும் சொல்வது அன்பு ஆகாது. இனி ஒரு நோய்க்காலம் வந்தால், 'வெளியே வராதீர்கள்' என்று சொல்லும் நாமே, கூலி இழந்த வீட்டு வாசலில் அரிசியையும் வைப்போம்.

அதற்கான மனதை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.