கணக்கின் காப்பு நகலும் அறுபடும் இணைப்பும்

(ஆற்காட்டில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



கம்ப்யூட்டர் பழுதைப் பற்றி ஏர் பிடிப்போரிடம் பேசுவானேன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். பாலாற்றங்கரையில் வாழும் நமக்குப் பழைய பதிவேட்டின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரால் நிலமும் கிணறும் இழந்தோருக்கு நஷ்டஈடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. அதனைக் கணக்கிட ஓர் ஆணையமும் அமைந்தது. 2025 ஜனவரி 30 அன்றும் இப்பாதிப்புக் குறித்து அதே நீதிமன்றம் ஆணை பிறப்பித்துள்ளது. எந்தச் சர்வே எண், எந்தக் கிணறு, எந்த ஆண்டில் நீர் உப்பாயிற்று என்று காட்ட ஆவணம் இல்லாதவர் எவ்வளவு பேசினாலும் வழக்கில் நிற்பது கடினம்.

அத்தகைய ஆவணங்களுள் பல இன்று ஊராட்சி அலுவலகத்து மேசைமேல் உள்ள கம்ப்யூட்டரில் இருக்கின்றன. 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பெற்ற இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஏற்றிய வரவுசெலவு தொலைவில் பத்திரமாக இருக்கிறது. ஆயின் நீர்ப் பரிசோதனை அறிக்கை, குடிநீர் இணைப்புப் பட்டியல், வேலைகளின் புகைப்படம், தீர்மானங்களின் படி ஆகியவை பெரும்பாலும் அந்த ஒரே பெட்டிக்குள்தான் உள்ளன. பெட்டி கெட்டால் அவையும் போயின. இதற்காகவே இரவுதோறும் கண்ணாடி இழைக் கம்பி வழியாக ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு காப்பு நகல் அனுப்பும் ஏற்பாடு செய்தோம்.

ஓர் ஊராட்சியில் நடந்ததைச் சொல்லுவோம், ஊர்ப்பெயர் வேண்டா. மழைக்காலத்தில் இடி விழுந்து கம்ப்யூட்டர் கெட்டது. நகல் இருக்கிறதே என்று தைரியமாகத் திறந்தோம். மூன்று மாதமாக ஒவ்வோர் இரவும் நகல் பாதியில் அறுந்து நின்றிருந்தது! அக்காலத்தில் கணக்குப்பிள்ளை நகல் எழுதுகையில் பாதியில் எழுந்து போனால் வெற்றுத் தாள் காட்டிக் கொடுத்துவிடும். இயந்திரம் அப்படிக் காட்டிக் கொடுப்பதில்லை. அது எழுதி வைத்த பிழைக் குறிப்பை நாம்தான் படிக்க வேண்டும். நாம் படிக்கவில்லை. குடிநீர் இணைப்புப் பட்டியலை வீடு வீடாகச் சென்று மீண்டும் எழுதினோம். கிணற்று நீர் அறிக்கைகள் சில கிடைக்கவே இல்லை.

பிறகு காரணம் தேடினோம். கம்பிதான் பழுது என்று எல்லோரும் உறுதியாகச் சொன்னார்கள். அலுவலகங்களில் முதலில் பழி ஏற்பது எப்போதும் வெளியே இருப்பதுதான். ஆனால் கண்ணாடி இழை வந்து சேரும் சிறு பெட்டியில் சிவப்பு விளக்கு எரியவில்லை. அது எரிந்தால் ஒளி வரவில்லை, வெளிக் கம்பியில் பழுது என்று பொருள். இழையை மோதிரம்போல் வளைத்துச் சுருட்டினாலும் ஒளி குறையும். விளக்கு சரியாக இருந்தமையால் வீட்டுக்குள்ளே தேடினோம்.

அறுந்த நேரங்களைத் தாளில் வரிசையாக எழுதியபோதுதான் விவரம் புலப்பட்டது. சில இரவுகளில் தொடங்கிய அரைமணி நேரத்தில் அறுந்திருந்தது. யாரும் தொடாமையால் கம்ப்யூட்டர் மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தானே உறங்கிவிட்டது. அந்த அமைப்பை மாற்றினோம். இணைப்பு அட்டையை அணைக்கும் அமைப்பையும் நீக்கினோம். மற்ற இரவுகளுக்கு விடை தந்தவர் கூட வந்திருந்த ஒரு விவசாயி. தாளைப் பார்த்தவர், "மும்முனை மின்சாரம் வருகிற நேரமாயிற்றே இது" என்றார். உண்மைதான். மின்சாரம் வந்தவுடன் தானியங்கி ஸ்டார்ட்டர் பூட்டிய மோட்டார்கள் யாவும் ஒருசேர எழுகின்றன. ஒரே டிரான்ஸ்பார்மரில் அழுத்தம் ஒரு கணம் தாழ்கிறது. பல்பு சற்று மங்கி மீளும். இணைப்புப் பெட்டியோ அணைந்து, மீண்டும் எழுந்து தொடர்பு பிடிக்கச் சில நிமிடம் ஆகும். அதற்குள் நகல் அறுந்துவிடும். பெட்டிக்குச் சிறு பேட்டரி வைத்தோம். நகல் நேரத்தையும் மாற்றினோம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 10 ஜிகாபைட் கோப்புகளை விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் அனுப்ப ஏறக்குறைய 11 மணி நேரம் ஆகும். அத்தனை நேரத்தில் ஒருமுறையாவது அறுபடாதிருப்பது அரிது. ஆகையால் முதல் முழு நகலை வன்தட்டில் எடுத்துப் பஸ்ஸில் கொண்டு வந்தோம். இப்போது இரவுதோறும் மாறிய கோப்புகள் மட்டுமே செல்கின்றன. அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் நிரலையே பயன்படுத்துகிறோம்.

உறுப்பினர்களிடம் கேட்பது அதிகமில்லை. குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் வெட்டுமுன் இழை எங்கே செல்கிறது என்று விசாரியுங்கள். மாதக் கூட்டத்தில் ஏதேனும் ஒரு கோப்பின் பெயரைச் சொல்லி, அதை நகலிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எடுத்துப் பார்க்காத நகலை நகல் என்று நாம் கணக்கில் கொள்வதில்லை. அவ்வூராட்சியில் சென்ற மாதம் ஓர் உறுப்பினர் கேட்டது தம் தெருக் கிணற்று நீர் அறிக்கை. செயலர் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் காட்டினார்.